அஃபிலியேட் லிங்க் போடுகிறவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்: எதைச் சொல்ல வேண்டும், எங்கே சொல்ல வேண்டும், எந்தக் கருவி உதவும்

அஃபிலியேட் லிங்க் என்றால் என்ன? அதில் எதை வெளிப்படையாகச் சொல்லச் சொல்கிறார்கள்?

ஒரு பொருளைப் பற்றி எழுதுகிறீர்கள், கூடவே அதை விற்கும் தளத்துக்கு ஒரு லிங்க் கொடுக்கிறீர்கள். அந்த லிங்க்கின் வாலில் உங்களை அடையாளம் காட்டும் குறியீடு ஒட்டியிருக்கும். வாசகர் அதன் வழியாகப் போய் வாங்கினால், விற்பனைத் தொகையில் ஒரு பங்கு கமிஷனாக உங்களுக்கு வரும். அமேசான் தன் அஃபிலியேட் திட்டமான அசோசியேட்ஸை 1996இல் தொடங்கிய காலத்திலிருந்து இதன் அடிப்படை மாறவில்லை. "நீங்கள் வாங்கினால் எனக்குப் பணம் வரும்" என்பதை வாசகர் லிங்க்கைத் தொடுவதற்கு முன்பே, அவர் கண்ணில் படும்படி சொல்லும் அறிவிப்புதான் டிஸ்க்ளோஷர்.

வாசகருக்கு ஒரு பைசாகூடக் கூடுதல் செலவு இல்லையே. பிறகு எதற்குச் சொல்ல வேண்டும்?

இந்தக் கேள்வியை நானும் ரொம்ப நாள் கேட்டுக்கொண்டிருந்தேன். விலை கூடுகிறதா இல்லையா என்பது விஷயமே இல்லை. வாசகர் உங்கள் பேச்சுக்கு எவ்வளவு எடை கொடுக்கிறார் என்பதுதான் விஷயம். நண்பர் ஒருவர் "இந்த ஹெட்ஃபோன் வாங்கு" என்று சொன்னால் ஒரு மாதிரி கேட்டுக்கொள்வோம். அதே வார்த்தையைக் கடைக்காரர் சொன்னால் வேறு மாதிரி கேட்போம். சொல்கிறவர் யார் என்று தெரிந்துகொள்ளும் உரிமை வாசகருக்கு உண்டு.

சில வருடங்களுக்கு முன்பு ஒரு ஹெட்ஃபோனைப் பற்றி நீளமாக எழுதியிருந்தேன். அறிவிப்பு இருந்தது, ஆனால் தளத்தின் அடியில் தனிப் பக்கமாக இருந்தது. அதுவும் ஆங்கிலத்தில். ஒரு வாசகி மின்னஞ்சல் அனுப்பினார்: "ஐயா, நீங்கள் சொன்னதை நம்பித்தான் வாங்கினேன். உங்களுக்கு இதில் கமிஷன் உண்டு என்று பிறகுதான் தெரிந்தது. முன்பே சொல்லியிருந்தால் இன்னும் இரண்டு மூன்று மாடல்களைப் பார்த்திருப்பேன்." பொருளில் குறை என்று அவர் சொல்லவில்லை. அன்று இரவு என் பக்கத்தைப் போனில் திறந்து, வாசகர் பார்ப்பதுபோல் விரலால் தள்ளிக்கொண்டே போனேன். 'வாங்க' என்ற பட்டன் 4 முறை வந்தது. அறிவிப்பு ஒரு முறைகூட வரவில்லை. கடைசிவரை போனால் சாம்பல் நிறத்தில் பொடி எழுத்தாக ஒரு சொல், அதைத் தொட்டால்தான் அந்தத் தனிப் பக்கம் திறக்கும். எனக்கே வெட்கமாக இருந்தது.

சட்டம் என்ன சொல்கிறது? எந்த நாட்டுச் சட்டம் எனக்குப் பொருந்தும்?

நீங்கள் இருக்கும் நாட்டுச் சட்டம் பொருந்தும். உங்கள் வாசகர்கள் வாங்கும் நாட்டுச் சட்டமும் பொருந்தலாம். தமிழில் எழுதுகிறவருக்குப் பல நாடுகளில் வாசகர்கள் இருப்பது சாதாரணம். அதனால் இருப்பதிலேயே கண்டிப்பான விதியைப் பின்பற்றிவிடுங்கள், தலைவலி குறையும்.

அமெரிக்காவில், நுகர்வோரை ஏமாற்றும் வணிகத்தைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷனின் 'எண்டோர்ஸ்மென்ட் கைட்ஸ்' என்ற வழிகாட்டுதல்கள் உள்ளன. 1980இல் வந்த இவை 2009இலும் 2023இலும் திருத்தப்பட்டன. பரிந்துரைப்பவருக்கும் விற்பவருக்கும் இடையில் பணமோ பொருளோ வேறு உறவோ இருந்து, அதை வாசகர் எதிர்பார்க்க மாட்டார் என்றால், அதைத் தெளிவாகச் சொல்ல வேண்டும் என்பது சாரம். 2023 திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போய், இணையத்தில் அந்த அறிவிப்பு வாசகர் தவறவிடவே முடியாதபடி இருக்க வேண்டும் என்கிறது.

இது வெறும் ஏட்டு விதி இல்லை. 2011இல் லெகஸி லேர்னிங் சிஸ்டம்ஸ் என்ற நிறுவனம் இந்த விவகாரத்தில் 2,50,000 டாலர் கட்டச் சம்மதித்தது. கிட்டார் கற்றுத் தரும் டிவிடிகளை விற்ற நிறுவனம் அது. அதன் அஃபிலியேட்டுகள், அதாவது அதற்கு லிங்க் போட்டவர்கள், கமிஷன் வாங்கிக்கொண்டே சாதாரண வாடிக்கையாளர்போலப் புகழ்ந்து எழுதினார்கள் என்பது குற்றச்சாட்டு. பணம் கட்டியது விற்பவர் என்பதைக் கவனியுங்கள். பல நிறுவனங்கள் இன்று அறிவிப்பு இல்லாத அஃபிலியேட்டின் கணக்கை மூடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தியாவில் இரண்டு அடுக்கு. விளம்பரத் துறையின் சுய ஒழுங்கு அமைப்பான ஆஸ்கி, இன்ஃப்ளுயன்சர்களுக்கான விதிகளை 2021 ஜூன் 14 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அரசுத் தரப்பில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூனில் வெளியிட்ட வழிகாட்டுதல்களும் இருக்கின்றன. தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம், மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. பரிந்துரைத்தவருக்கு ஒரு வருடம், அதற்குப் பிறகும் தொடர்ந்தால் 3 வருடம் வரை தடையும் விதிக்கலாம். 2023 ஜனவரியில் நுகர்வோர் விவகாரத் துறை எளிய நடையில் ஒரு கையேடும் வெளியிட்டது. பணம் மட்டுமல்ல, இலவசப் பொருள், தள்ளுபடி, பயணம், தங்கும் வசதி, பண்டமாற்று எல்லாமே சொல்லப்பட வேண்டிய உறவு என்று அது பட்டியல் போடுகிறது.

பிரிட்டனில் விளம்பரம் விளம்பரம் என்று பார்த்த உடனே தெரிய வேண்டும் என்பது விதி. பக்கம் முழுக்க அஃபிலியேட் என்றால் வாசகர் உள்ளே வருவதற்கு முன்பே, தலைப்பிலேயே தெரிய வேண்டும். சில லிங்க்குகள் மட்டும் என்றால் அந்தப் பகுதிக்குப் பக்கத்தில் குறித்தால் போதும். 2025 ஏப்ரல் முதல், நுகர்வோர் சட்டத்தை மீறும் நிறுவனங்களுக்கு உலகளாவிய விற்றுமுதலில் 10% வரை நேரடியாக அபராதம் விதிக்கும் அதிகாரம் அங்குள்ள போட்டி மற்றும் சந்தை ஆணையத்துக்கு உண்டு.

நான் எழுதுவது தமிழில். அறிவிப்பு ஆங்கிலத்தில் இருந்தால் போதாதா?

போதாது. தமிழில் எழுதும் பலரும் தடுக்கி விழும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். பரிந்துரை எந்த மொழியில் இருக்கிறதோ அதே மொழியில் அறிவிப்பும் இருக்க வேண்டும் என்று இந்தியாவின் 2023 கையேடு சொல்கிறது. அமெரிக்கக் கமிஷன் இன்ஃப்ளுயன்சர்களுக்காக 2019இல் வெளியிட்ட குறிப்பும் அதையே சொல்கிறது. கட்டுரை முழுக்க அழகான தமிழில் போய்க்கொண்டிருக்க, பணம் வரும் விஷயம் மட்டும் எங்கிருந்தோ நகல் எடுத்த ஆங்கிலச் சட்டமொழிக்குத் தாவினால், வாசகர் அதை 'நமக்கானது இல்லை' என்று தாண்டிப் போய்விடுவார்.

சட்டத்தை விடுங்கள். உங்கள் கட்டுரையைப் படித்துப் புரிந்துகொள்கிறவருக்கு உங்கள் அறிவிப்பும் புரிய வேண்டாமா?

சரி, எந்த வாக்கியத்தை எழுதுவது?

பேசுவதுபோல எழுதுங்கள். நான் இப்போது போடுவது இது:

"இந்தக் கட்டுரையில் உள்ள லிங்க் வழியாக நீங்கள் வாங்கினால் எனக்குக் கமிஷன் கிடைக்கும். இந்தப் பொருளை என் சொந்தப் பணத்தில் வாங்கி இரண்டு மாதம் பயன்படுத்தியிருக்கிறேன்."

இரண்டாவது வாக்கியம் உண்மையாக இருந்தால் மட்டும் சேருங்கள். பொருள் இலவசமாக வந்திருந்தால் "நிறுவனம் இலவசமாக அனுப்பியது" என்று அதே இடத்தில் எழுதுங்கள். "உங்களுக்கு விலை கூடாது" என்று சேர்க்கலாம், ஆனால் அது அந்தத் திட்டத்தில் உண்மைதானா என்று பார்த்துவிட்டு.

வேலைக்கு ஆகாத வாக்கியங்களும் உண்டு. "இந்தப் பக்கத்தில் அஃபிலியேட் லிங்க்குகள் இருக்கலாம்" என்பதில் 'இருக்கலாம்' என்ற சொல் நழுவல். இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். வெறும் 'அஃபிலியேட் லிங்க்' என்ற இரண்டு சொல்லும் போதாது, அதற்கு என்ன பொருள் என்று பலருக்குத் தெரியாது என்று அமெரிக்கக் கமிஷனே சொல்லியிருக்கிறது. 'வாங்க' என்ற பட்டனும் அறிவிப்பு ஆகாது. "எங்கள் தளத்தை ஆதரியுங்கள்" என்பது நன்கொடை கேட்பதுபோல ஒலிக்கிறது, கமிஷன் என்ற சொல்லே அதில் இல்லை.

எங்கே வைக்க வேண்டும்?

முதல் லிங்க்குக்கு மேலே. கட்டுரையின் முதல் பத்திக்கு முன்போ, உடனே பின்போ. உடல் எழுத்தின் அதே அளவு, அதே கறுப்பு. சாம்பல் நிறமும் சாய்வெழுத்தும் வேண்டாம். கட்டுரை நீளமாக இருந்தால், வாசகர் தேடுபொறியிலிருந்து நேராக நடுவில் வந்து விழவும் வாய்ப்புண்டு. அதனால் ஒப்பீட்டு அட்டவணை வரும் இடத்தில் அதன் தலைக்கு மேல் 'கமிஷன் உள்ள லிங்க்குகள்' என்று இன்னொரு முறை எழுதிவிடுங்கள்.

சமூக ஊடகப் பதிவில் 'மேலும்' என்ற சொல்லுக்குப் பின்னால் அறிவிப்பு மறைந்தால், அது இல்லாததற்குச் சமம். முதல் இரண்டு வரிக்குள் வர வேண்டும் என்கிறது ஆஸ்கி. 20 ஹேஷ்டேக்குகளின் கூட்டத்தில் 17ஆவதாக ஒளித்து வைப்பதும் அப்படித்தான்.

எழுதி முடித்ததும் கணினியில் பார்த்துத் திருப்திப்படாதீர்கள். போனில் திறந்து, கட்டைவிரலால் ஒரே தள்ளு. அதற்குள் அறிவிப்பு கண்ணில் பட்டதா? படவில்லை என்றால் மேலே ஏற்றுங்கள்.

வீடியோ, ஆடியோ, நேரலையில்?

வீடியோவின் அடியில் விளக்கத்தில் மட்டும் போட்டால் போதாது, அங்கே யாரும் போய்ப் பார்ப்பதில்லை. வாயால் சொல்லுங்கள், திரையிலும் எழுத்தாகக் காட்டுங்கள். பரிந்துரை ஒலி, காட்சி இரண்டிலும் இருந்தால் அறிவிப்பும் இரண்டிலும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்க, இந்திய விதிகள் இரண்டுக்கும் பொது.

ஆஸ்கி கணக்குப் போட்டே சொல்லியிருக்கிறது. 15 விநாடி அல்லது அதற்குக் குறைவான வீடியோவில் லேபிள் குறைந்தது 3 விநாடி இருக்க வேண்டும். 15 விநாடிக்கு மேல் 2 நிமிடத்துக்குள் என்றால் வீடியோவின் மூன்றில் ஒரு பங்கு நேரம். 2 நிமிடமோ அதற்கு மேலோ என்றால், அந்தப் பொருளைப் பற்றிப் பேசும் பகுதி முழுக்க. ஆடியோவில் தொடக்கத்திலும் முடிவிலும், இடைவேளைக்கு முன்னும் பின்னும். நேரலையில் முழுநேரமும் திரையில் இருக்கட்டும், நடுவில் வந்து சேர்கிறவர்கள்தான் அதிகம்.

சமூக ஊடகத் தளமே தரும் 'பெய்ட் பார்ட்னர்ஷிப்' (பணம் பெற்ற கூட்டு) லேபிளை ஆன் செய்துவிட்டேன். போதுமா?

செய்யுங்கள், ஆனால் அதையே நம்பி இருக்காதீர்கள். அந்த லேபிள் சிறியதாக, கண்ணில் படாத மூலையில் வந்தால் பொறுப்பு உங்களுடையதுதான். கூடவே உங்கள் சொந்த வார்த்தையிலும் ஒரு வரி.

அமேசானுக்குத் தனி விதிகள் உண்டாமே?

உண்டு. நீங்கள் அசோசியேட் என்பதையும் தகுதியுள்ள கொள்முதல்களிலிருந்து வருமானம் பெறுகிறீர்கள் என்பதையும் சொல்லும் ஒரு வாக்கியத்தை ஒப்பந்தமே கொடுக்கிறது. அதைத் தளத்தில் அப்படியே போடுங்கள். ஆனால் அது அமேசானுக்கான கடமை. வாசகருக்கான தமிழ் வரி தனியாக, லிங்க் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மற்றபடி பலர் மாட்டிக்கொள்ளும் இடங்கள் இவை. விலையைக் கையால் தட்டச்சு செய்து போடுவது தடை, விலை மாறிக்கொண்டே இருக்கும், அவர்கள் தரும் ஏபிஐ (தகவலைத் தானாக எடுத்துத் தரும் இணைப்பு) வழியாக வந்தால்தான் காட்டலாம். அங்குள்ள வாடிக்கையாளர் விமர்சனங்களையும் நட்சத்திரங்களையும் நகல் எடுக்கக் கூடாது. உங்கள் லிங்க்கில் நீங்களே வாங்கக் கூடாது. லிங்க் அமேசானுக்குத்தான் போகிறது என்பதை மறைக்கும்படி சுருக்கவும் கூடாது. புதிதாகச் சேர்ந்தவர் 180 நாளுக்குள் 3 தகுதியுள்ள விற்பனை காட்டாவிட்டால் கணக்கு மூடப்படும். ஒப்பந்தம் மாறிக்கொண்டே இருப்பதால் சில மாதங்களுக்கு ஒரு முறை திறந்து படித்துவிடுங்கள்.

அறிவிப்பு போட்டால் கூகுளில் பின்னுக்குப் போய்விடுமா? விற்பனை குறையுமா?

அறிவிப்பு வாக்கியத்துக்காகக் கூகுள் யாரையும் தண்டிப்பதில்லை. அது எதிர்பார்ப்பது வேறு. பணம் சம்பந்தப்பட்ட லிங்க்கின் எச்டிஎம்எல் நிரலில் உள்ள ரெல் பண்பில் 'ஸ்பான்சர்ட்' என்று குறிக்க வேண்டும். 2019 செப்டம்பரில் அறிமுகமான குறி இது. பழைய 'நோஃபாலோ' குறியும் ஏற்கத்தக்கதே. இந்தக் குறி இயந்திரத்துக்கானது, வாசகர் கண்ணுக்குத் தெரியாது, அதனால் அறிவிப்புக்கு மாற்று ஆகாது. கூகுள் உண்மையில் கீழே தள்ளுவது, விற்பவர் தளத்திலிருந்து விவரங்களை அள்ளிப்போட்டு, சொந்தமாக எதுவும் சேர்க்காத பக்கங்களை.

விற்பனையைப் பொறுத்தவரை என் பக்கங்களில் அறிவிப்பை மேலே ஏற்றியபின் சொடுக்கு குறைந்ததாக நான் பார்க்கவில்லை. குறைந்திருந்தாலும் மறுபடி கீழே இறக்கியிருக்க மாட்டேன்.

பயன்படுத்திப் பார்க்காத பொருளைப் பரிந்துரைக்கலாமா?

பயன்படுத்தவில்லை என்று சொல்லிவிட்டு, தொழில்நுட்ப விவரங்களை ஒப்பிட்டு எழுதலாம். பயன்படுத்தியதாக நடிக்கக் கூடாது. போலி விமர்சனங்களைத் தடை செய்யும் அமெரிக்க விதி 2024 அக்டோபர் 21 முதல் அமலில் இருக்கிறது. செயற்கை நுண்ணறிவை வைத்து, இல்லாத ஒருவரின் அனுபவம்போல எழுதியதும் அதில் அடக்கம். பணமும் உடல்நலமும் சம்பந்தப்பட்ட பொருள் என்றால் இரட்டிப்புக் கவனம் தேவை. இந்தத் துறைகளில் ஆலோசனை சொல்கிறவருக்கு உரிய தகுதி இருக்க வேண்டும் என்று ஆஸ்கி 2023 ஆகஸ்டில் சேர்த்தது.

எந்தக் கருவிகள் உண்மையில் தேவை?

முதலில் ஒரு ஸ்ப்ரெட்ஷீட். எந்தப் பக்கம், எந்தப் பொருள், எந்தத் திட்டம், லிங்க், அறிவிப்பு இருக்கிறதா, கடைசியாகச் சரிபார்த்த தேதி. இந்த 6 கட்டம் போதும். காசு கொடுத்து வாங்கிய எந்த மென்பொருளையும்விட இது எனக்கு அதிகம் உதவியிருக்கிறது.

அடுத்தது லிங்க் மேலாண்மை. வேர்ட்பிரஸ் மென்பொருளில் தளம் வைத்திருப்பவர்களுக்கு ப்ரெட்டி லிங்க்ஸ், தேர்ஸ்டி அஃபிலியேட்ஸ் இரண்டும் நன்கு பழகியவை. 60 பக்கங்களில் ஒரே பொருளின் லிங்க் இருந்து, ஒரு நாள் அது மாறிவிட்டால், ஒரே இடத்தில் மாற்றினால் எல்லா இடத்திலும் மாறும். 'ஸ்பான்சர்ட்' குறியையும் தானாகச் சேர்க்கச் சொல்லலாம். ஆனால் இவை லிங்க்கை உங்கள் தள முகவரிபோலக் காட்டும். அமேசான் லிங்க்குகளுக்கு அந்த வசதியை நிறுத்தி வையுங்கள்.

அளப்பதற்கு இரண்டு வேறு கருவிகள் உண்டு, இரண்டையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். யுடிஎம் குறியீடு (லிங்க்கின் வாலில் ஒட்டும் அடையாளச் சொற்கள்) என்பது உங்கள் தளத்துக்கு வரும் வழியை அறிய: மின்னஞ்சல் மடலிலிருந்து வந்தாரா, சமூக ஊடகத்திலிருந்து வந்தாரா என்று. அதை விற்பவர் தளத்துக்குப் போகும் லிங்க்கில் ஒட்டினால் தகவல் அவருடைய அனலிட்டிக்ஸுக்கு (வருகைக் கணக்குக்கு) போகும், உங்களுக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் பக்கத்திலிருந்து உங்கள் இன்னொரு பக்கத்துக்குப் போகும் லிங்க்கிலும் போடாதீர்கள், வாசகர் முதலில் எங்கிருந்து வந்தார் என்ற கணக்கு குழம்பிப்போகும். வெளியே போகும் லிங்க்குக்கு வேண்டியது சப்-ஐடி, அதாவது அஃபிலியேட் லிங்க்கில் நீங்களே சேர்க்கும் துணைக்குறி. அட்டவணையில் உள்ள லிங்க்குக்கு 'அட்டவணை', கட்டுரை முடிவில் உள்ளதற்கு 'முடிவு' என்று பொருள்படும் குறியைக் கொடுத்தால், எது விற்றது என்று அஃபிலியேட் நெட்வொர்க்கின் (விற்பவரையும் உங்களையும் இணைக்கும் நிறுவனத்தின்) அறிக்கையிலேயே பிரிந்து வரும். சொடுக்குகளை எண்ண கூகுள் அனலிட்டிக்ஸ் 4 போதும், வெளியே போகும் சொடுக்குகளை அது தானாகவே பதிவு செய்யும்.

கமிஷன் விகிதத்தைப் பார்த்து மயங்காதீர்கள். ஒரு சொடுக்குக்கு எவ்வளவு வருகிறது என்று பாருங்கள். விலை 1,000, கமிஷன் 10%, 100 சொடுக்கில் 1 விற்பனை என்றால் வருவது 100, அதாவது ஒரு சொடுக்குக்கு 1. அதே விலை, 4% மட்டும், ஆனால் 100 சொடுக்கில் 5 விற்பனை என்றால் வருவது 200, ஒரு சொடுக்குக்கு 2.

உடைந்த லிங்க்குகளைக் கண்டுபிடிக்க ஸ்க்ரீமிங் ஃப்ராக் நல்லது, இலவசப் பதிப்பு 500 முகவரி வரை பார்க்கும். சரக்குத் தீர்ந்துபோன பக்கத்தை எந்தக் கருவியும் 'உடைந்தது' என்று காட்டாது, ஏனென்றால் பக்கம் திறக்கத்தான் செய்யும். நன்றாக ஓடும் லிங்க்குகளையாவது மாதம் ஒரு முறை கையால் தொட்டுப் பாருங்கள்.

30 நாள் குக்கி என்கிறார்கள், ஆனால் விற்பனை பதிவாகவில்லை. ஏன்?

குக்கி என்பது வாசகர் உங்கள் லிங்க் வழியாக வந்தார் என்று பிரவுசர் நினைவில் வைக்கும் சிறு குறிப்பு. 30 நாள் என்பது உச்ச வரம்பு, உத்தரவாதம் இல்லை. ஆப்பிளின் சஃபாரி, 2019இல் கொண்டுவந்த மாற்றங்களால், பக்கத்தின் ஸ்கிரிப்ட் எழுதும் குக்கிகளை 7 நாளில் அழிக்கிறது, சில சூழ்நிலைகளில் ஒரே நாளில். வாசகர் போனில் சொடுக்கிக் கணினியில் வாங்கினாலும் தொடர்பு அறுந்துவிடும். கூப்பன் தேடித் தரும் பிரவுசர் நீட்சிகள் கடைசி நிமிடத்தில் தங்கள் குறியீட்டைச் செருகி உங்கள் கமிஷனை எடுத்துக்கொள்வதும் நடந்தது. வாசகருக்கு நேரடிப் பலன் எதுவும் தராமல் அப்படிச் செருகக் கூடாது என்று நீட்சிகளை விநியோகிக்கும் குரோம் வெப் ஸ்டோர் 2025 மார்ச்சில் விதியை இறுக்கியது. சேரும் முன் அந்தத் திட்டம் விற்பனையைப் பிரவுசரில் அல்லாமல் சர்வர் வழியாகக் கண்காணிக்கிறதா என்று கேளுங்கள். அப்படியென்றால் இந்த இழப்பு குறையும்.

குக்கிக்கு வாசகரிடம் அனுமதி கேட்க வேண்டுமா?

ஐரோப்பிய, பிரிட்டன் வாசகர்கள் இருந்தால் கேட்க வேண்டும். இது டிஸ்க்ளோஷருக்கு மேல் தனிக் கடமை, ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது.

செய்யவே கூடாதது?

வாசகர் சொடுக்காமலேயே அவர் கணினியில் குக்கியைத் திணிப்பது. குறுக்குவழி என்று இதைச் சொல்லித் தருகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஈபேயின் திட்டத்தில் இதைச் செய்த இருவருக்கு 2014இல் அமெரிக்க நீதிமன்றம் சிறைத் தண்டனை விதித்தது. நிறுவனத்தின் பெயரையே சொல்லாக வைத்துத் தேடுபொறியில் விளம்பரம் கொடுப்பதையும் பெரும்பாலான திட்டங்கள் தடுக்கின்றன.

பழைய கட்டுரைகளில் அறிவிப்பே இல்லை. இப்போது என்ன செய்ய?

திருத்துங்கள், பயப்பட வேண்டாம். என்னிடம் அப்படி 80க்கு மேல் இருந்தன. அதிகம் படிக்கப்படும் 10 பக்கங்களை முதல் நாளே கையால் சரி செய்தேன். மீதிக்கு, கமிஷன் லிங்க் உள்ள கட்டுரைகளுக்கு ஒரு குறிச்சொல் போட்டு, அந்தக் குறிச்சொல் இருந்தால் தலைப்புக்கு அடியில் அறிவிப்புத் தானாக வரும்படி டெம்ப்ளேட்டை மாற்றினேன். எல்லாப் பக்கத்திலும் கண்ணை மூடிக்கொண்டு வரும்படி செய்யாதீர்கள். கமிஷனே இல்லாத கட்டுரையிலும் அது நின்றால் வாசகர் எல்லா இடத்திலும் அதைக் கவனிக்காமல் விடப் பழகிவிடுவார்.

அப்புறம், திருத்திய பக்கத்தைத் தேதியுடன் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், பழைய இணையப் பக்கங்களைச் சேமிக்கும் வேபேக் மெஷினிலும் ஒரு பிரதி சேமித்துவிடுங்கள். "உங்கள் பக்கத்தில் அறிவிப்பு எப்போதிலிருந்து இருக்கிறது?" என்று நெட்வொர்க்கிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தால், அதை இணைத்து அனுப்பினால் போதும்.